இடது முழங்கை

நூலேணி மேலே போகும் சத்தம் கேட்டபோது நான் தொட்டியின் மூலையில் குந்தி, கடைசிச் சேற்றை வாளியில் வழித்துக்கொண்டிருந்தேன். மரப்படிகள் ஒவ்வொன்றாகச் சுவரில் மோதிக்கொண்டு ஏறின. நான் நிமிர்வதற்குள் கடைசிப் படியும் தொட்டி வாய்க்கு வெளியே நழுவி மறைந்தது. கத்தினேன். அந்தக் கத்தல் நான்கு சுவரிலும் முட்டி என் மேலேயே விழுந்தது. சற்றுப் பொறுத்து அம்மாவின் முகம் அந்தச் சதுர வெளிச்சத்துக்குள் வந்தது.

"ஏண்டி கத்துற? உள்ள என்ன பண்ற நீ?"

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே கேட்டாள்.

"நீதானேம்மா இறக்கிவிட்ட."

"நானா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். "எலி எப்ப பொந்துக்குள்ள போச்சுன்னு யாருக்குடி தெரியும்!"

ஏணி இறங்கியது. படியைப் பிடித்து ஏறினேன்.

மாடித் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவுவதுதான் எங்கள் வேலை. தொட்டி வாய் குறுகல் என்பதால், பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து உள்ளே இறங்குவது நான். எலி என்ற பெயர் அப்படி வந்தது. வேலை முடிந்தால் அம்மாவின் கைகளுக்கு ஒரு வரிசை உண்டு. வாளியைத் தூக்கும், ஏணியைச் சுருட்டும், மருந்து வாடை போக மூடியைத் திறந்தே விட்டுவிட்டுக் கீழே இறங்கித் தண்ணீரைத் திறந்துவிடும். இப்போதெல்லாம் அம்மா குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுகிறாள், கையில் சாவியை வைத்துக்கொண்டே சாவியைத் தேடுகிறாள். ஆனால் அந்த வரிசை மட்டும் தப்பவில்லை. நடுவில் நான் ஒருத்தி உள்ளே இருப்பதுதான் விட்டுப்போகிறது. ஏணியைக் கம்பியில் இறுக்கிக் கட்டிப் பார்த்தேன். "எந்த மடையன் போட்ட முடிச்சு இது?" என்று அதையும் அவிழ்த்துவிட்டாள். எனக்கு நீச்சல் தெரியாது.

லாரி ஓட்டும் அண்ணனிடம் போனில் சொன்னேன். "வயசானா அப்படித்தான். வேலைய நிறுத்தச் சொல்லு" என்றான். எப்படிச் சொல்வேன்? துடைப்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கும்போது அம்மா அம்மாவாக இருக்கிறாள். வேலையில்லாத நாளில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாள். வேலையை நிறுத்தினால் என்னை இன்னும் சீக்கிரம் மறந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதும் பயமாகத்தான் இருந்தது.

பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித்தரும் கட்டடத்துக்கு ஒருநாள் போனோம். காவலாளியிடம் அம்மா சாவி வாங்கும்வரை நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பெண், கையெல்லாம் வெள்ளைப் பொடி, கம்பியில் தொங்கினாள். ஆடாமல் அசையாமல் தன்னைத் தூக்கினாள். தாடை கம்பியைத் தாண்டியது, பிறகு நெஞ்சு, பிறகு இடுப்பு. கம்பிக்கு மேல் கையூன்றி நின்றாள். ஏணி இல்லாவிட்டால் தொட்டி வாயில் எனக்கு வேண்டியது அதேதான். அங்கிருந்த டீச்சரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் குடிக்க வந்த அந்தச் சின்னப் பெண்ணையே கேட்டேன்.

"இதுக்கு எவ்ளோ நாள் ஆச்சு பாப்பா?"

"ரெண்டு வருஷம்." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு இன்னும் ஆகும்க்கா. நீங்க கனமா இருக்கீங்க."

"சீக்கிரமா வராதா?"

"வராது. சதை சீக்கிரம் வந்துரும், உள்ள இருக்கற நரம்பு மெதுவாத்தான் வரும். அவசரப்பட்டா பிச்சுக்கும்னு மிஸ் சொல்வாங்க." பிறகு ரகசியம்போல, "முழங்கைய மேல திருப்பணும் பாருங்க, அங்கதான் எல்லாரும் மாட்டிக்குவோம். அப்பப் பேசக் கூடாது. பேசினா மூச்சு போயிரும், தொப்புன்னு கீழதான்."

வீட்டில் உள்ளறை வாசலுக்கு மேலே ஒரு பரண் இருக்கிறது. அம்மா மதியம் தூங்கும்போது அதன் விளிம்பைப் பிடித்துத் தொங்க ஆரம்பித்தேன். முதலில் விரல்கள் தாமாகவே திறந்துகொண்டன. தொங்குவதற்கே மழைக்காலம் முழுவதும் போயிற்று. பிறகு ஸ்டூலிலிருந்து எம்பி மேலே போய், முடிந்தவரை மெதுவாக இறங்கினேன். உள்ளங்கை உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்தது. ஆசைப்பட்டுக் கூடுதலாகச் செய்த வாரம் முழங்கை வீங்கி, பழைய இடத்துக்கே திரும்பினேன்.

ஒருநாள் அம்மா விழித்துக்கொண்டாள்.

"என்னடி வௌவால் மாதிரி தொங்குற? உசரமா வளர்ந்து யார மயக்கப் போற?"

"சும்மாம்மா."

"பரண் இடிஞ்சா வீட்டுக்காரருக்கு யாருடி பதில் சொல்றது?"

தாடை பரணைத் தொட்ட வாரம், முக்குக் கடைக்குப் போன அம்மாவை யாரோ ஒரு பெண் கைப்பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனாள். பொடி பூசிய அந்தச் சின்னப் பெண்ணின் இரண்டு வருடத்தை நினைத்துக்கொண்டேன். அவ்வளவு நாள் எனக்கு இல்லை. அன்றிலிருந்து தொட்டிக்குள் நான் வாய் மூடியதில்லை. வெளியே யாரிடமும் பேசாதவள், உள்ளே இறங்கியதும் பூனை, விலைவாசி, கனவு என்று எதையாவது உளறிக்கொண்டே இருப்பேன். மேலேயிருந்து "உம்" என்று வந்தால் உயிர் வரும்.

நேற்று அடுக்குமாடி ஒன்றின் தொட்டி. பக்கத்துக் கட்டடத்தில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்தபோது ஏணி இல்லை.

கத்தினேன். துளைக்கும் சத்தம் அதை விழுங்கியது. சுவருக்குள் குழாய் இருமுறை தட்டியது, தண்ணீர் குதித்து விழுந்தது. ஏறி நிற்க வாளியும் இல்லை, மேலே போய்விட்டது. கால்களை ஈரத்தில் ஊன்றி எம்பினேன். முதல் தடவை விரல் வழுக்கியது. இரண்டாம் தடவை விளிம்பு கைக்குள் வந்தது. தொங்கினேன். இழுத்தேன். தாடை வெளியே வந்தது, வெயில் கண்ணைக் குத்தியது. பரணில் இதற்குமேல் நான் போனதே இல்லை. நெஞ்சைச் சாய்த்து வலது முழங்கையைத் திருப்பினேன். உள்ளே ஏதோ கிழிவதுபோல இருந்தது. திரும்பிவிட்டது.

துளைக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

"எலி! ஏ எலி!"

கீழே மொட்டைமாடியில் அம்மா, முதுகைக் காட்டிக்கொண்டு, சுருட்டிய ஏணி தோளில் கிடக்க, கைப்பிடிச் சுவருக்கு வெளியே தலையை நீட்டித் தெருவில் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? பயமா இருக்குடி, வாடி."

நீருக்குள் நீர் விழும் சத்தம் கேட்டது. என் இடது முழங்கை இன்னும் விளிம்புக்குக் கீழே நடுங்கியது. பேசினால் மூச்சு போய்விடும். வாயை இறுக மூடிக்கொண்டேன். அம்மா சுவருக்கு வெளியே இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். அவளுடைய குதிகால்கள் தரையைவிட்டு மெல்ல உயர்ந்தன.