சாரின் போனுக்கு வந்த ஆறு இலக்கம்

“சார், உங்க போனைக் கொஞ்சம் குடுங்க.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சீனியர் அண்ணன் சொல்லியிருந்தார். யார் கம்ப்யூட்டரை வேண்டுமானாலும் திற, யாரை வேண்டுமானாலும் குடை, முதலாளி போன் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதே. நானும் படுத்ததில்லை. இன்றைக்கு மீட்டிங் அறையில், அத்தனை பேர் எதிரில், கையை நீட்டிக்கொண்டு நின்றேன். சீனியர் அண்ணன் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

வரவேற்பு அக்காவை வேலையைவிட்டு அனுப்பத்தான் அந்த மீட்டிங்.

எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி, அதில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு என் பொறுப்பு. காலையில் அக்காவுக்கு ஒரு மெயில் வந்தது. உங்கள் மெயில் பெட்டி நிரம்பி வழிகிறது, இங்கே அழுத்திப் பாஸ்வேர்டைப் போடவும். ஒரு காதில் போன், எதிரில் கையெழுத்துக்கு நிற்கும் கூரியர்காரர். அக்கா அழுத்தினார், போட்டார். போட்ட கையோடு என்னிடம் ஓடிவந்து சொல்லியும் விட்டார். நான் பெட்டியைப் பூட்டுவதற்குள் திருடன் உள்ளே புகுந்து, எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அக்கா பெயரில் கடிதம் தட்டிவிட்டான். உங்கள் லிஃப்ட் ஆபத்தான நிலையில் உள்ளது, விவரத்துக்கு இந்த லிங்க்கைத் தொடவும்.

தொட்டவர்கள் தொட்டார்கள். தொடாதவர்கள் பயந்துபோய்ப் படியேறினார்கள். கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர்களெல்லாம் நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்களாம். ஒருவர் எனக்குப் போன் செய்து, தான் மேல்மாடியில் மாட்டிக்கொண்டதாகவும் எந்த வழியாக இறங்குவது என்றும் கேட்டார். படி என்று ஒன்று இருக்கிறது சார் என்றேன். அது மேலே வருவதற்குத்தானே என்றார். போனை வைத்துவிட்டு மேஜையில் தலைகவிழ்ந்து சிரித்தேன்.

மீட்டிங்கில் முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாவது படித்ததையெல்லாம் வாசலில் உட்காரவைத்தால் இப்படித்தான் ஆகும் என்றார். எங்கள் வீட்டில் அந்தப் பத்தாவதையே எனக்கு முன்னால் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. நான்தான் முதல் டிகிரி. அதனால் அந்த அடி என் முதுகிலும் சேர்த்துத்தான் விழுந்தது.

ஆனால் மீட்டிங்குக்கு முன்னாலேயே நான் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். எங்கள் மெயிலுக்கு இரண்டு பூட்டு. பாஸ்வேர்டு ஒன்று. அதைப் போட்டதும் போனுக்கு வரும் ஆறு இலக்க எண் இன்னொன்று. மற்ற கம்பெனிகளில் அவரவர் எண் அவரவர் போனுக்கு வரும். எங்கள் முதலாளி யாரையும் நம்பமாட்டார். எல்லார் எண்ணும் அவர் போனுக்கே. ஆகவே தினமும் காலையில் ஆபீஸ் ஏலக்கடை மாதிரி இருக்கும். போன் ‘டிங்’ என்னும். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அறைக்குள்ளிருந்தே வெண்கலக் குரலில் ஆறு எண்ணையும் கூவுவார். யாருடையதோ அவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மெயிலைத் திறந்தால் அடிதடிதான்.

திருடனும் அந்த ஆறு எண்ணைச் சரியாகப் போட்டுத்தான் நுழைந்திருக்கிறான். நுழைவுப் பதிவில் தெளிவாக இருக்கிறது. அக்காவிடம் அந்த எண் இல்லவே இல்லை. அதைப் பார்த்த நிமிடம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கோபம் ஒரு பக்கம், குதூகலம் ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து தலைக்கு ஏறிவிட்டன. அந்தப் போதையில்தான் கையை நீட்டினேன்.

“என் போனை என் பொண்டாட்டியே தொட்டதில்ல. நீ யாரும்மா?” என்றார் முதலாளி.

சரி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று உட்கார்ந்தேன். அவர் விட்ட இடத்திலிருந்து அக்காவைத் திட்ட ஆரம்பித்தார். பொறுப்பு, ஒழுங்கு, விழிப்பு என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் என் லேப்டாப்பை அக்கா பக்கம் தள்ளி, புதிய பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போகும்படி கண்ணைக் காட்டினேன். அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

டிங்.

விழிப்பு என்ற சொல் பாதியில் நிற்க, முதலாளியின் கை தானாகப் போனை எடுத்தது. கண்ணாடி மேலே ஏறியது.

“நாலு, ஒன்பது, ரெண்டு, ரெண்டு, ஏழு, ஒண்ணு,” என்று கூவினார்.

அக்கா பழக்கதோஷத்தில் தட்டிவிட்டார். லேப்டாப்போடு இணைத்திருந்த பெரிய சுவர்த் திரையில் மெயில் பெட்டி மலர்ந்தது.

“இப்ப உள்ள போனது யாரு சார்? கேட்டீங்களா?” என்றேன். “எண்ணுக்குக் கீழ ஒரு வரி இருக்கும். அதையும் கொஞ்சம் படிங்க.”

அந்த வரியை அவர் இதுவரை பார்த்ததே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கூவிய குரல் இறங்கி இறங்கி வந்தது. “இந்த எண்ணை... யாரிடமும்... சொல்ல வேண்டாம்.”

கணக்குப் பிரிவிலிருந்து முதல் சிரிப்பு கிளம்பியது. பிறகு யாரும் யாரையும் அடக்க முடியவில்லை. சீனியர் அண்ணன் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. அக்காகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். காலையில் உங்களுக்கு யாராவது போன் செய்து எண்ணைக் கேட்டார்களா என்று முதலாளியிடம் விசாரித்தேன். மெயில் கம்பெனியிலிருந்து என்று ஒருவன் கூப்பிட்டானாம், இவரும் எண்ணைச் சொல்லிவிட்டாராம்.

“ரொம்ப மரியாதையா பேசினான்மா,” என்றார்.

அடுத்த நிமிடம் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். என்னை மட்டும் நிறுத்தினார். கதவு சாத்தியதும் குரல் பழையபடி நிமிர்ந்துவிட்டது. வரவேற்பில் நடந்த கவனக்குறைவு என்று மட்டும் அறிக்கை எழுத வேண்டுமாம். போன் விஷயம் இந்த அறையைத் தாண்டக் கூடாதாம். அக்காவை அனுப்புவது அனுப்புவதுதானாம், சொன்ன சொல்லை மாற்றினால் யார் மதிப்பார்கள். இதற்கு ஒத்துக்கொண்டால் எனக்கு நாளையிலிருந்தே வேலை நிரந்தரமாம்.

“நீ என் பொண்ணு மாதிரி,” என்று முடித்தார்.

“உங்க பொண்ணுன்னா இன்னும் சத்தமா திட்டியிருப்பேன் சார். தப்பு பண்ணின அக்கா ஓடிவந்து சொன்னாங்க. நீங்க சொல்லலையே.”

“அப்ப அவகூட நீயும் கிளம்பு.”

வேலை போனால் அப்பா என்னுடன் பேசமாட்டார், அம்மா பேசிக்கொண்டே இருப்பார். தெரியும். ஆனாலும் முதலாளி பேசிக்கொண்டிருந்தபோதே வாடிக்கையாளர்களுக்கான கடிதம் என் மனதில் முழுதாக எழுதி முடிந்திருந்தது. லிங்க்கைத் தொட்டவர்கள் உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். முதல் பூட்டு இப்படித் திறந்தது, இரண்டாவது பூட்டு இவரால் திறந்தது. ஆபீஸ் மொத்தத்துக்கும் ஒரு நகல். அதற்குப் பிறகு அக்காவை எந்த வாயால் அனுப்புவார், பார்த்துவிடலாம். இப்படி எச்சரிக்கை அனுப்பத்தான் என்னை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். அந்த வேலை என்னிடம் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து, விசிலடிக்காத குறையாக, என் நாற்காலியை நோக்கி நடந்தேன்.