மூன்றாவது கோப்பைக்கு முன்

1

இந்தக் கதை ஒரு இரும்புப் பெட்டிக்குள் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்ட் சூடான் துறைமுக வாசலுக்கு எதிரே, பழைய கன்டெய்னர் ஒன்றின் பக்கத்தை அறுத்து ஜன்னல் வைத்து, ஒருவர் காப்பிக்கடை நடத்துகிறார். இஞ்சி தட்டிப்போட்ட காப்பியோடு அங்கே உட்கார்ந்திருந்தேன். இந்த ஊர்க்காரர்களின் தோளிலிருந்து மூட்டையைப் பிடுங்கிக்கொண்ட பெட்டி இதுதானே என்று தோன்றியது. சிரிப்பு வரவில்லை. இதே துறைமுகத்தில் சரக்குக் குமாஸ்தாவாக என் பாதி ஆயுள் போயிருக்கிறது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: உலகத்துச் சரக்கெல்லாம் ஒரே அளவுப் பெட்டிக்குள் அடங்கிய நாளில்...

அடித்துவிட்டேன். கட்டுரை வாடை.

2

மறுபடியும். ஒகீர் இந்தச் செங்கடல் கரையோரத்துப் பெஜா இனத்துக்காரர், சுமைக்காரர் கோஷ்டி ஒன்றின் மேஸ்திரி. அவருடைய ஆட்கள் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கினால் மூட்டைகள் பாட்டுக்குத்தான் நகரும். பாட்டை எடுத்துக் கொடுப்பவன் ஓனூர், ஒகீரின் தங்கை புருஷன். அவன் சுமப்பது குறைவு. ஆனால் அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட நாளில் எல்லோருடைய மூட்டையும் கனத்தது.

[ஓரக்குறிப்பு: கிழிந்த சாக்கிலிருந்து சிந்திய காப்பிக்கொட்டை கோஷ்டிக்குச் சொந்தம். யாரும் எழுதிவைக்காத சட்டம். கப்பல் காலியானதும் கிடங்கு நிழலில் அதை வறுத்து இடித்துக் காய்ச்சுவார்கள். அந்த வாசனைக்காகவே என் வேலையை மெதுவாக முடிப்பேன். அது போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.]

ஆளுக்கு மூன்று கோப்பை. மூன்றாவது காலியாகும்வரை மேஸ்திரி வேலை விஷயம் பேசக் கூடாது. அதற்குப் பிறகு அவர் சொன்னதை யாரும் மறுக்கக் கூடாது. ஒகீரின் கோஷ்டியில் இது மாறியதே இல்லை.

3

பெட்டி வந்தது. வாரக்கணக்கில் இறக்கிய சரக்கை கிரேன் ஒரே பொழுதில் இறக்கிவைத்தது. எதுவும் சிந்தவில்லை, நனையவில்லை, திருடு போகவில்லை. கடையில் சாமான் விலை இறங்கியது. பல முதுகுகள் பிழைத்தன. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. கட்டுரையாக இருந்தால் இங்கேயே முடித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

சூப்பர்வைசர் ஒகீரைக் கூப்பிட்டார்.

"கிரேன் கொக்கி மாட்ட நாலு பேர் போதும் மேஸ்திரி. யார் யாருன்னு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க."

"மத்தவங்க?"

"அதையும் நீங்களே சொல்லிடுங்க."

4

(இங்கே எழுத்து நின்றுவிட்டது. காரணத்தைச் சொல்ல வேண்டும்.)

முதல் வரைவில் கோஷ்டி முழுவதும் இருந்தது. இத்தனை பேர் வந்தால் வாசகர் குழம்புவார் என்று ஒவ்வொருவராகக் கதையிலிருந்து எடுத்தேன். விரல் நசுங்கிய தாஹிரை எடுத்தேன். தூங்குமூஞ்சி ஹம்மதை எடுத்தேன். தலைமுடியில் மரச்சீப்பைச் செருகிக்கொண்டு அதையே ஊரெல்லாம் தேடும் ஷிங்கிராயை எடுத்தேன். கதை லேசாகி, கிரேன் தூக்கியது போல நகர்ந்தது.

பிறகுதான் உறைத்தது. ஒகீருக்கு எந்த வேலையைச் செய்யக் கை வரவில்லையோ, அதை நான் காப்பி குடித்துக்கொண்டே செய்து முடித்திருந்தேன்.

5

மறுநாள் பிற்பகல், கிடங்கு நிழல். சிந்திய கொட்டை இல்லாததால் ஒகீர் கடையில் வாங்கி வந்திருந்தார்.

"கடைக் கொட்டையா?" என்றான் அதரோப். கோஷ்டியிலேயே வாய்க்கொழுப்பு உள்ளவன். "இதுக்கு அந்த கிரேனையே குடிக்கச் சொல்லலாம்."

"பெட்டிய மோந்து பாத்தேன்," என்றான் ஓனூர். "உள்ள ஏலக்காயா, எருமைத்தோலான்னு தெரியல. பெயின்ட் வாடைதான் வருது."

முதல் கோப்பை முடிந்தது. இரண்டாவதில் ஓனூர் ஒரு வாய் குடித்துவிட்டு மணலில் வைத்தான்.

"குடி மச்சான், ஆறிடும்," என்றார் ஒகீர்.

"ஆறட்டும்."

"மூணாவது ஊத்தணும்ல."

"இது தீந்தாதானே? அவசரம் உனக்கா, பெட்டிக்கா?"

அதரோப்பும் கோப்பையைக் கீழே வைத்தான். அடுத்தடுத்து எல்லோரும் வைத்தார்கள். ஒகீருக்குப் புரிந்துவிட்டது.

"என்னை வாயைத் தொறக்க விடமாட்டீங்க, அப்படித்தானே?"

"நீங்க தொறந்தா நாங்க வீட்டுக்குப் போகணும்," என்றான் அதரோப். "என் வீட்டுக்காரி என்னைப் பகல்ல பாத்ததே இல்ல மேஸ்திரி. பயந்துடுவா."

எல்லோரும் சிரித்தார்கள். ஒகீரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஒகீர் அந்த நாலு பேரில் ஓனூரின் பெயரைச் சொல்கிறார், ஓனூர் வாயே திறக்காமல் கொக்கி மாட்டுகிறான். இன்னொன்றில் சொல்லவில்லை, தங்கை அண்ணன் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திவிடுகிறாள். மூன்றாவதில் ஒகீர் தானும் வேலையை விட்டு எழுந்து போகிறார். அது அழகாக இருக்கிறது, அதனாலேயே நம்ப முடியவில்லை.

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் ஒகீர் காப்பிக் குடுவையை எடுத்து...

வேண்டாம். இந்த வரி இப்படியே கிடக்கட்டும்.

அதற்குப் பதிலாக, எடுத்துப்போட்டவர்களைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன். தாஹிர் வந்து உட்கார்ந்துவிட்டான். ஹம்மதை எழுப்பிக் கூட்டி வந்தார்கள். ஷிங்கிராய் சீப்பைத் தேடிக்கொண்டே வருகிறான். எல்லோர் முன்னாலும் பாதிக் கோப்பை ஆறிக்கொண்டிருக்கிறது. குடுவையை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன். மூன்றாவதை நீங்கள் ஊற்றினால் அவர்கள் மறுக்க மாட்டார்கள், விருந்தாளி ஊற்றியதை மறுத்துப் பழக்கமில்லை. பிறகு ஒகீர் பேசித்தான் ஆக வேண்டும்.

கொஞ்சம் பொறுங்கள். ஓனூர் தொண்டையைச் செருமுகிறான்.