மீன் பொரித்த வாசனையில் ஒரு லாரி

1

இந்தக் கதை ஒரு வாசனையிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நெப்ராஸ்காவின் புல்மேட்டு ஊர் ஒன்றில் பதினெட்டு வருடம் இருந்தேன். ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் தேவாலயத்தில் மீன் பொரிப்பார்கள். மிஞ்சிய எண்ணெயை டுவைட் ஹாஸ்கெட் பழைய ஜீன்ஸ் துணியில் வடிகட்டி, டீசலோடு கலந்து தன் லாரிக்கு ஊற்றுவார். ராணுவம் கழித்துவிட்ட லாரி. மண்ணெண்ணெய், பெட்ரோல், எது கிடைத்தாலும் ஓடும். அது தெருவில் போனால் எங்களுக்குப் பசிக்கும்.

டுவைட் இறந்த அன்று வானம்—

(இல்லை. வானத்துக்கு இதில் வேலையில்லை.)

2

அவருக்குப் பிறகு மனைவி ஆர்டித் அந்த லாரியில் தண்ணீர்த் தொட்டியை ஏற்றி, ஊர்த் தீயணைப்புக் குழுவுக்காக ஓட்டினாள். ஏப்ரலில் புல்வெளி பற்றிக்கொண்டது. மேட்டில் பாதி ஏறியதும் லாரி திணறி நின்றுவிட்டது. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கூஸல் குடும்பத்தின் கொட்டகையும் உள்ளே இரண்டு குதிரைகளும் எரிந்துபோயின.

கோளாறு எரிபொருள் பம்பின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கையளவுப் பெட்டியில். ஊற்றியது கனமா இலேசா என்று பார்த்து அளவைத் திருத்துவது அதுதான். அது இறுகிப்போய் எஞ்சினைப் பட்டினி போட்டுவிட்டது.

3

டுவைட்டோடு ராணுவ ஒர்க்‌ஷாப்பில் இருந்த வெர்லின் பானட்டைத் திறந்தான், கை வைக்கவில்லை.

"இதக் கழட்டிட்டா அப்புறம் டீசல் மட்டும்தான், ஆர்டித். ஊர்ல ஓடுற மத்த லாரி மாதிரி ஆயிடும். டுவைட் இருந்திருந்தா என் கைய ஒடச்சிருப்பான்."

"டுவைட் இல்ல. நான் இருக்கேன். ஸ்பானர குடு."

"எந்தப் பக்கம் திருப்பணும்னாவது தெரியுமா?"

"முப்பது வருஷமா உன் வாய மூடுறதுக்குத்தான் வழி தெரியல. இது தெரியும்."

பெட்டிக்குப் போகும் குழாய்களைக் கழற்றினாள். வடிகட்டியிலிருந்து பம்புக்கு நேராகப் புதுக் குழாய் போட்டாள். எரிபொருள் அளவைத் திருத்தப் பெட்டிக்குள் முன்பின் நகரும் தடையை டீசலுக்கான அளவில் அசையாமல் நிறுத்தினாள்.

(இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. முழங்கை வரை டீசல் வழிந்ததைத் திட்டிக்கொண்டிருந்தாள். பத்தியை அடித்துவிட்டேன்.)

4

மறுநாள் தொட்டி நிறையத் தண்ணீரோடு இருவரும் அதே மேட்டில் ஏறினார்கள். லாரி ஒரு இடத்திலும் தயங்கவில்லை. பின்னால் வந்த புகையில் டீசலைத் தவிர வேறெந்த வாசனையும் இல்லை. உச்சியில் நிறுத்தினாள். கீழே கொட்டகை இருந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது.

"நல்லாத்தான் செஞ்சிருக்க," என்றான் வெர்லின். "ஆனா டுவைட் ஒத்துக்கிட்டிருக்க மாட்டான்."

ஆர்டித் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நாலு வருஷம் முன்னாடியே கழட்டணும்னு நின்னான். ஒருநாள் இது நம்மள மேட்டுல விட்டுடும்னு சொன்னான். நான்தான் விடல வெர்லின். அந்த வாசனையோட அவன் வீட்டுக்குள்ள வர்றது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

இதுவரை ஆர்டித்தே எனக்குச் சொன்னது. வெர்லின் என்ன பதில் சொன்னான் என்று அவள் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. அவனுக்காக மூன்று பதில்கள் எழுதினேன். முதலாவதில் ஆறுதல் சொன்னான். இரண்டாவதில் குதிரைகளின் பெயர்களைச் சொன்னான். மூன்றாவதில் பேசாமல் இறங்கி நடந்தான். மூன்றையும் அடித்துவிட்டேன், மூன்றிலும் பேசியது நான்தான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் அவனைத் திரும்பிப் பார்க்கிறாள். வெர்லினின் அந்த இருக்கையில் இப்போது நீங்கள் உட்காருங்கள்.