துரையின் முதுகு அரிப்பு

வெள்ளைக்காரர்கள் கப்பலேறி ஒரு வருடம் ஆன பிறகும் எங்கள் வீட்டில் ஒரு துரை இருந்தது. செம்பட்டை நிறத்தில் ஒரு நாட்டு நாய். இடது காது பாதிதான். தெருவில் யாரையும் திரும்பிப் பார்க்காமல் நடக்கும் என்பதால் அந்தோணியம்மாள் வைத்த பெயர். அந்தோணியம்மாள் என் மனைவி. இறந்து ஏழு மாதம்.

அவளுடைய ஆடும் நாற்காலிக்கு அடியில்தான் துரை படுக்கும். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரின் சாமான்கள் ஏலம் போனபோது அவள் அடம்பிடித்து எடுத்த நாற்காலி. ஏழு மாதமாக அதில் யாரும் உட்காரவில்லை. என்னால் முடியவில்லை. மற்றவர்களைத் துரை விடவில்லை.

அவளுடைய அண்ணன் ரோச், கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போகும் பாய்த்தோணியின் தண்டல். தோணியும் ஆட்களும் அவர் பொறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை காலை வெங்காயக் கூடை ஒன்றோடு வந்தார். கூடைக்குள் முழ நீளத்தில் ஒரு நாய் இருந்தது. வால் இடப்பக்கம் கோணி நின்றது.

"பேரு சுக்கான். வாலப் பாரு, தோணிய எடப்பக்கம் திருப்புத மாதிரியே இருக்குலா? தோணியிலயே பொறந்தது. இனிமே நாய் ஏறுனா நீ எறங்குலேன்னு மொதலாளி சொல்லிட்டாரு."

"எனக்கு நாய் வேண்டாம் மச்சான்."

"ஒனக்கு யாரு தாரா? தொரைக்குத் தாரேன். பத்து நாளு. அவன் சேத்துக்கிட்டான்னா இங்கனயே கெடக்கட்டும். இல்லன்னா உப்பளக் காவக்காரன் கேட்டிருக்கான். சங்கிலி போட்டு உப்பு அம்பாரத்துல கட்டிப் போட்டிருவான்."

கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தரை ஆடாததால் சுக்கானுக்கு நடக்கத் தெரியவில்லை. நாலு எட்டு வைக்கும். வராத அலைக்காக ஒரு பக்கம் சாயும். சுவரில் போய் இடிக்கும். ஆடாத இடத்தில் அதற்குத் தூக்கமும் வரவில்லை. ஆடுகிற எதையாவது தேடி வீடு முழுக்க அலைந்தது. கொடியில் கிடந்த என் வேட்டியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தது. வேட்டி கிழிந்தது. மறுநாள் நாற்காலியைக் கண்டுபிடித்து ஏறியது. அடியிலிருந்து துரை பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தது. சுக்கான் விழுந்தடித்து ஓடி என் ஆபீஸ் பூட்ஸுக்குள் தலையை விட்டுக்கொண்டது. உடம்பு வெளியேதான் நின்றது.

எனக்கு அது வசதியாகவே இருந்தது. துரை பத்து நாளும் இப்படியே உறுமினால் போதும். நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு ஞானபாய் அக்காதான் சும்மா இருக்கவில்லை. கருவாட்டு வியாபாரம் செய்பவள். எனக்கு மூன்று வேளையும் சோறு அவள் வீட்டிலிருந்துதான். ஐந்தாம் நாள் கருவாடு கழுவிய தண்ணீரை ஒரு பானையில் கொண்டுவந்தாள்.

"ரெண்டு மேலயும் இதத் தேய்ச்சிரு தம்பி. மணம் ஒண்ணாயிட்டா நாயும் ஒண்ணாயிரும். எம் மருமவள அப்படித்தான குடும்பத்துல சேத்தேன்?"

"மருமகள் மேல கருவாட்டுத் தண்ணி ஊத்துனீங்களாக்கா?"

"ஊத்தல. கருவாட்டக் குடுத்துக் கழுவச் சொன்னேன்."

நான் மறுப்பதற்குள் இரண்டு நாய்களையும் தேய்த்துவிட்டாள். மணம் ஒன்றானது. நாய்கள் ஆகவில்லை. தெருவில் இருந்த பூனைகள்தான் வந்தன. எண்ணினேன், எட்டு. துரை துவைகல் மேல் ஏறி உட்கார்ந்து கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பூனை அதன் வாலை நக்கியது. துரை திரும்பவில்லை.

மறுநாள் ஆபீஸ் மேசைச் சாவியை மறந்துவிட்டுப் பதினொரு மணிக்குத் திரும்பி வந்தேன். வீட்டுக்குள் கிரீச் கிரீச் என்று சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம். படியில் சற்று நேரம் நின்றுவிட்டு, பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

உப்புத் தண்ணீர் காய்ந்து துரைக்கு முதுகு அரித்திருக்கிறது. நாற்காலியின் வளைந்த காலில் முதுகைச் சாய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. நாற்காலி ஆடியது. மேலே சுக்கான் நாலு காலையும் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. துரை நிறுத்தினால் கண்ணைத் திறக்காமலே முனகும். துரை ஒரு பெருமூச்சு விட்டு, மறுபக்கம் திரும்பி மறுபடியும் தேய்க்கும்.

எனக்கு இருமல் வந்துவிட்டது. துரை துள்ளி எழுந்து, அந்த நாயை இதுவரை பார்த்ததே இல்லை என்பதுபோல் குரைத்தது. சுக்கான் கீழே விழுந்து, அதுவும் பதிலுக்குக் குரைத்தது. பிறகு இரண்டும் என்னைப் பார்த்தன.

அன்பா அரிப்பா என்று நான் விசாரிக்கவில்லை. மறுநாள் பதினொரு மணிக்கு மூக்குக் கண்ணாடியை மறந்தேன். அதற்கு மறுநாள் குடை. மழைக்காலம் இல்லையே என்றார் ஹெட் கிளார்க்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. அரை நாள்தான் ஆபீஸ். வந்து ஜன்னலில் பார்த்தபோது நாற்காலி அசையவில்லை. சுக்கான் அதன் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. துரை காலை நீட்டிப் படுத்திருந்தது.

"பாவம், ஒரே சொறியா சொறிஞ்சிக்கிட்டுக் கெடந்துச்சு," என்றாள் ஞானபாய் அக்கா. "நேத்து வேப்பெண்ணெய் தடவி விட்டேன். சொகமாயிட்டு."

விடிந்தால் பத்தாம் நாள். உப்பு அம்பாரம் நினைவுக்கு வந்தது. கண் கூசும் வெள்ளை. நிழல் கிடையாது. ஆடுவதற்கும் அங்கே ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அக்கா செபத்துக்குப் போன நேரத்தில் சுவரேறிக் குதித்தேன். முருங்கைக்கு ஊற்றுவதற்காக அவள் வைத்திருந்த கருவாட்டுத் தண்ணீர்ப் பானை கொல்லையில் இருந்தது. எடுத்து வந்து துரைக்கு முதுகு முழுக்கத் தேய்த்தேன். பானையைத் திரும்ப வைத்து மூடினேன். இதையெல்லாம் பாளையங்கோட்டைக் காலேஜில் சொல்லித் தரவில்லை. தானாகவே வந்தது.

ஞாயிறு காலை ரோச் கையில் கயிற்றோடு வந்தார். அவரைப் பார்த்ததும் துரை சுக்கானைப் பார்த்து உறுமியது.

"சேரலையே மாப்ள."

"நாம இருந்தா சேராது. வெளிய வாங்க மச்சான்."

ஜன்னலுக்குக் கீழே இரண்டு பேரும் குனிந்தோம்.

"பத்துப் பேர வச்சித் தோணி ஓட்டுதவன நடுத்தெருவுல களவாணி மாதிரி குனிய வச்சிட்டியே," என்றார்.

"சத்தம் போடாதீங்க."

துரை வாசலைப் பார்த்தது. பிறகு ஜன்னலைப் பார்த்தது. நாங்கள் தலையை இழுத்துக்கொண்டோம். உள்ளே கிரீச் என்றது. மறுபடியும் கிரீச்.

ரோச் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி உள்ள இருக்க மாதிரி இருக்குலா," என்றார்.

நான் தலையாட்டினேன்.

அப்புறம் அவர் மூக்கைச் சுளித்தார். என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். மூன்று முறை சோப்புப் போட்ட கை அது. சுவர் மேல் மூன்று பூனைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ரோச் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கொல்லையில் சத்தம் கேட்டது.

"எவம்லே அவன், எங் கருவாட்டுத் தண்ணியக் களவாண்டது?"

"பூனையா இருக்கும்க்கா!" என்று ரோச் குரல் கொடுத்தார்.

"பூனையா பானைய மூடி வச்சிட்டுப் போவும்?"

ரோச் சுருட்டிய கயிற்றை மடியில் செருகிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இது காலேஜுல படிச்ச பூனைக்கா."

உள்ளே சுக்கான் விழிக்கவில்லை.