வருதா, வரலாமா

என் தம்பியின் தோள்பட்டை எலும்பு உடைந்து பதினோரு நாள் ஆகிறது. அந்தப் பதினோரு நாளும் நான் இரண்டு நொடிச் சத்தத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்கத் தெளியும் என்று நினைத்தேன். தலை சுற்றியதுதான் மிச்சம்.

தம்பி நீள ஸ்கேட்போர்டில் மலைச்சாலையில் இறங்குகிறவன். மணிக்கு எழுபது கிலோமீட்டர். அவனுக்காக யாரும் சாலையை மூடித் தரமாட்டார்கள். பஸ்ஸும் லாரியும் எதிரே ஏறிவரும் சாலைதான். நான் பின்னாலேயே காரில் வந்து படம் பிடிப்பேன். ஓட்டுவது என் வீட்டுக்காரர். இடுப்பை சீட்டோடு பெல்ட்டால் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு, ஒரு கையில் கேமரா, மறு கையில் வாக்கிடாக்கி. இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று மாமியார் கேட்டாயிற்று. நல்ல கேள்விதான்.

வழியில் எதிரே வருவது தெரியாத வளைவு ஒன்று உண்டு. அதன் முனையில் தம்பியின் சிநேகிதன் நிற்பான். தொண்டை அப்படி, அதனால் அவன் பெயரே சைரன். பாதை காலியாக இருந்தால், தம்பியின் ஹெல்மெட்டுக்குள்ளும் கேட்கிற வாக்கிடாக்கியில் "வரலாம்" என்பான். தம்பி நடுக்கோட்டைத் தாண்டி அகலமாகத் திரும்புவான். வண்டி வந்தால் "வருது" என்று சொல்லி, என்ன வண்டி என்றும் சொல்வான். "வருது, பஸ்." "வருது, வேன்." உடனே தம்பி வேகத்தைக் குறைத்துத் தன் பக்கத்திலேயே ஒண்டிக்கொள்ள வேண்டும். உயிர் போகிற விஷயத்துக்கு இரண்டு வார்த்தை பொறுக்கினோம், இரண்டும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறதே என்று எங்கள் நாலு மண்டையில் ஒன்றிலாவது உறைத்திருக்க வேண்டாமா?

அன்று தம்பி கோட்டைத் தாண்டினான். எதிரே லாரி. போர்டை விட்டுவிட்டு உருண்டுபோய் மண்மேட்டில் மோதினான். லாரிக்காரர் இறங்கி வந்து முதலில் திட்டினார், அப்புறம் தண்ணீர் கொடுத்தார், அவன் எழுந்து உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டினார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"வரலாம்னு நீதானடா சொன்ன?"

"சத்தியமா இல்லடா. வருது, லாரின்னுதான் கத்தினேன்."

"அப்ப என் காதுல விழுந்தது பொய்யா?"

பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவன், கட்டில்மேல் ஒருவன், இருவரும் என்னைப் பார்த்தார்கள். "அக்கா கேமராவுல பதிஞ்சிருக்கும். அக்கா கேட்டுச் சொல்லட்டும்" என்றான் சைரன். நானும் பெரிய நீதிபதி மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் என் எடிட்டிங் மேசை வாஷிங்மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹெட்போனை மாட்டினேன். 'வர்...' என்று ஒரு கரகரப்பு, காற்று, பிறகு 'லாம்'. தம்பியை நினைத்துக்கொண்டு கேட்டால் "வரலாம்" என்று பளிச்சென்று விழுகிறது. சைரனின் முகத்தை நினைத்துக்கொண்டு கேட்டால் அது "வருது, லா" என்று ஆகிவிடுகிறது. காற்றைக் குறைத்தேன், குரலும் சேர்ந்து குறைந்தது. குரலைக் கூட்டினேன், காற்று காதைக் கிழித்தது. திங்கட்கிழமை சைரன் கட்சி, செவ்வாய்க்கிழமை தம்பி கட்சி. யார் ஃபோன் செய்தாலும் "இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன்" என்பேன். என் காதையே நான் நம்பாத நிலைமை வந்துவிட்டது.

இன்று காலை ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் மெஷினிலிருந்து துணி எடுக்க வந்தவர், ஈரச்சட்டையோடு நின்றுவிட்டார்.

"இன்னொரு தடவ போடு."

போட்டேன்.

"கடைசில ஒரு 'ம்' வருதே, அது நீ."

"நானா?"

"எவன் என்ன சொன்னாலும் உம் கொட்டுவியே. அன்னிக்கும் பட்டன அமுக்கிட்டு 'ம்'ன்ன. பக்கத்து சீட்டுல இருந்தவன் நான்."

"இத இவ்ளோ நாள் சொல்லாம என்ன பண்ணீங்க?"

"நீ இவ்ளோ நாள் ஹெட்போன்ல இல்ல கேட்டுட்டிருந்த?"

அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்டேன். அதில் கரகரப்பே இல்லை. கேமராவுக்குப் பக்கத்திலிருந்து வருகிற சத்தம், என் சத்தம். வாக்கிடாக்கியில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் பட்டனை அமுக்கினால் முதல் குரல் அடிபட்டுப்போகும். நான் தம்பிக்குக் கிட்டத்தில் இருந்தேன், சைரன் தூரத்தில்; அவனுக்கு என் குரல்தான் ஓங்கிக் கேட்டிருக்கும். சைரனின் 'லா'வோடு என் 'ம்' போய் ஒட்டிக்கொண்டது. தம்பி காதில் விழுந்த அந்த வார்த்தையை நாங்கள் இருவரும் ஆளுக்குப் பாதி சொல்லியிருக்கிறோம். அதற்குப் பிறகு கிறீச்சென்று ஒரு துணுக்கு உண்டு. சக்கரச் சத்தம் என்று இத்தனை நாள் ஒதுக்கித் தள்ளியது. அது 'ரி'. சைரன் இரண்டாம் முறை கத்திய லாரியின் கடைசி எழுத்து.

படம் பிடிக்கிறவள் வாயைத் திறக்கக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். திறக்கவும் இல்லை. மூடிய வாயாலேயே கெடுத்திருக்கிறேன்.

சைரன் வேலை பார்ப்பது சக்கரம் சரிபார்க்கும் கடையில். லேப்டாப்பையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். காருக்கு அடியில் பள்ளத்தில் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் மேலே வந்தான். என்னைப் பேசவிடவில்லை.

"விட்டுடுங்கக்கா. நேத்து போய் அவன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன்."

"எதுக்குடா?"

"வரலாம்னுதான் சொல்லியிருப்பேன். யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். இப்ப அப்படித்தான் சொன்ன மாதிரி எனக்கே கேக்குது." சைரனுக்கு இவ்வளவு சின்னக் குரல் ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது.

"அவன் என்ன சொன்னான்?"

"சரின்னான். ஆனா இனிமே வளைவுல நான் நிக்க வேணாமாம்."

ஒரு நொடி, இது இப்படியே முடிந்துபோனால் என்ன என்று தோன்றியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவன் காதில் ஹெட்போனை மாட்டி, துண்டு துண்டாகப் போட்டுக் காட்டினேன். இது நீ, இது நான், இது மறுபடி நீ. பின்னால் காற்றடிக்கும் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அவன் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கேட்டான்.

"அப்ப நான் லாரின்னு சொன்னேனா?"

"சொன்னடா. ரெண்டு தடவ சொன்ன. நடுவுல பூந்து கெடுத்தது நான்."

"நெஜமா சொன்னேனாக்கா?"

கழற்றிப் போட்டிருந்த டயர்மேல் உட்கார்ந்து அழுதான். கிரீஸ் கையோடு துடைத்ததில் முகமெல்லாம் கருப்பானது. அவன் தலையைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

அங்கேயே நின்று தம்பிக்கு ஃபோன் போட்டேன். எங்கே ஆரம்பித்தேன், எதை முதலில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. 'ம்' என்று இரண்டு மூன்று முறை சொல்லிக் காட்டினேன், பைத்தியக்காரி மாதிரி.

"கேக்குதாடா?"

"கேக்குது. உன்கிட்ட அப்புறம் பேசறேன். ஃபோன அவன்கிட்ட குடு."