டைல்ஸுக்குப் பின்னால்

1.
கார்ட்லெஸ் ஹேமர் டிரில் ஒன்றுக்கு மதிப்புரை எழுதத்தான் உட்கார்ந்தேன். பிடியில் கை எப்படி அமர்கிறது, பேட்டரியின் பாரம் எந்தப் பக்கம் இழுக்கிறது, அவ்வளவுதான் திட்டம். ஆனால் கருவி நல்லதா என்று சொல்ல அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும். கைக்கு ஓர் ஆள். ஆளுக்கு ஓர் அவசரம். கதை அப்படித்தான் உள்ளே வந்தது.

2.
முதல் வரி: ‘தாம்பரத்தில் மழை பிடித்துக்கொண்ட மாலையில் ரேஷ்மா...’

வேண்டாம். டிரில்லுக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை.

மாடம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட். பைக்கிலிருந்து விழுந்த ஜோஷ்வாவுக்கு இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை. குளியலறையில் பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு கைப்பிடி வேண்டும். ஃபிட்டரெல்லாம் எதற்கு, நானே மாட்டுகிறேன் என்றாள் மனைவி ரேஷ்மா.

இது போதும்.

3.
கோவிலம்பாக்கத்தில் அதீப்பின் கடை. வாங்குகிறவர்கள் துளை போட்டுப் பார்க்க ஒரு காங்கிரீட் துண்டு கிடக்கும்.

“அமுக்காதீங்க அக்கா, அதுவே போவும்.”

“சத்தம் ரொம்ப இருக்கே?”

“ஹேமர்னா அப்படித்தான். சத்தம் வாணாம்னா ஸ்குரூடிரைவர் தரேன்.”

(உள்ளே பல் வைத்த இரண்டு தட்டுகள். ஒன்று சுழலும்போது மற்றதன் பற்களில் ஏறி இறங்கும். ஒவ்வோர் இறக்கமும் ஒரு குத்து. தட்டுகள் தொடும் அளவுக்கு அழுத்தினால் போதும். மீறினால் முனைதான் சூடாகும்.)

துளை சுத்தமாக விழுந்தது. வாங்கிவிட்டாள். அவள் வீட்டுச் சுவர் எதனால் ஆனது என்று அதீப் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

4.
டைல்ஸ் குத்தைத் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். ஹேமர் குத்தை நிறுத்திவிட்டு, வெறும் சுழற்சியில் துளைத்தாள். விரிசல் இல்லை. பிறகு உள்சுவருக்கு ஹேமர் விசையைப் போட்டாள். பின்னால் இருந்தது செங்கல் இல்லை, லேசான வெள்ளை பிளாக். நகத்தால் சுரண்டினாலே உதிரும். குத்திய குத்தில் துளை அகன்று, ஸ்குரூவைக் கவ்வ வைத்த பிளாஸ்டிக் பிளக் உள்ளே சும்மா சுற்றியது.

நம் வீடுகளில் எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். பிளக்கைச் சுற்றித் தீக்குச்சிகளைச் சொருகிக் கைப்பிடியின் ஸ்குரூவை முறுக்கினாள். இறுகியது. (காலண்டர் மாட்ட இது போதும்.)

ஹாலிலிருந்து ஜோஷ்வா கேட்டான்: “ஓட்டை வழியா பக்கத்து வீட்டு பத்ரி சார் தெரியறாரா?”

“டீ குடிச்சிட்டிருக்கார். பேசாம இரு.”

5.
ஒரு முடிவு: கைப்பிடி தாங்குகிறது. எழுதிப் பார்த்தேன், நம்ப முடியவில்லை. ஸ்குரூ இறுகுவது வேறு, இழுத்தால் வராமலிருப்பது வேறு. முதலாவதைக் கை சொல்லிவிடும். இரண்டாவதைச் சொல்ல ஓர் ஆளின் எடை வேண்டும்.

இன்னொன்று: கைப்பிடி பிய்ந்துவர, ஜோஷ்வா ஈரத்தரையில்...

அவளே இழுத்துப் பார்க்கட்டும் என்று விட்டேன். இழுத்தாள், மெதுவாக. வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் அப்படித்தான் இழுப்பார்கள்.

ஜோஷ்வா வாக்கரைக் குளியலறை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டான்.

“பிடிச்சுக்கலாமா?”

‘இரு, சரியா உட்காரலை’ என்றால் போதும். நாளைக்கு ஃபிட்டர் வருவார், ஜோஷ்வா ஒரு வாரம் கிண்டல் செய்வான். ரேஷ்மா ஸ்குரூவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

டிரில் நல்ல டிரில். மதிப்புரை முடிந்தது. அந்தத் தீக்குச்சிகளைப் பற்றி மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவளுக்கு, எனக்கு, உங்களுக்கு. அவள் வாய் திறக்கவில்லை. நான் இத்தோடு நிறுத்துகிறேன். அவன் கை நீண்டுகொண்டிருக்கிறது.