மாவு டின்னில் நாலாம் பாகம்

"நாலாம் பாகம் இன்னும் வரலை மாமா" என்றாள் மருமகள். சொல்லும்போது அவள் உள்ளங்கை மாவு டின்னின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தது. அடுப்படிக்கும் மாமனார் படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். நாலாம் பாகம் அந்த டின்னுக்குள், மாவுக்கு அடியில், சில நாட்களாகவே கிடந்தது.

"பாகத்தை வெச்சுக்கிட்டு அந்தப் பக்கத்து வீட்டுத் தையல்காரி படிக்கிறாளா, எழுத்தை ஒண்ணொண்ணா எண்ணிட்டு இருக்காளா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார். கேட்டு முடித்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

போர் வந்ததும் வந்தது, எல்லாவற்றையும் பங்கு போட்டுவிட்டது. சர்க்கரைக்கு அட்டை, மண்ணெண்ணெய்க்கு அட்டை. காகிதம் மருந்துக்கும் கிடையாது. புதுப் புத்தகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாடகைக்குப் புத்தகம் விடும் கடைக்காரர் பார்த்தார். கையில் இருந்த துப்பறியும் நாவல்களை எல்லாம் தையல் பிரித்து, ஒவ்வொன்றையும் நாலாக்கிவிட்டார். ஒரே கதை ஒரே நேரத்தில் நாலு வீட்டில் ஓடும். அன்றிலிருந்து தெருவில் அவருக்குக் கிழிசல் என்று பெயர். எந்தப் பாகம் கைக்கு வருகிறதோ அதைத்தான் படிக்க வேண்டும். பல வீடுகளில் கொலைகாரன் பிடிபட்ட பிறகுதான் கொலையே நடந்தது. சைரன் அலறும்போது பதுங்குகுழிக்கு ரொட்டியை எடுத்துப்போக மறந்தவர்கள் உண்டு, பாகத்தை மறந்தவர்கள் இல்லை. சட்டம் ஒன்றே ஒன்று. முடிவு தெரிந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கிழிசல் ஒரு மாதத்துக்குப் புத்தகம் தரமாட்டார்.

மாமனார் மட்டும் வரிசை தப்பிப் படிக்கவே மாட்டார். டிராம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "நாலாவது ஸ்டாப்புல ஏறிட்டு மொதல் ஸ்டாப்பு எங்கேன்னு கேக்குற கூட்டம்" என்று தெருவையே கிண்டல் செய்வார். எதற்கும் "ரைட்" என்பதுதான் அவர் பதில். மனைவியின் மூச்சு நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றுகூட "ரைட்" என்றுதான் சொன்னாராம். இப்போது வயிற்றில் கட்டி. புத்தகத்தைப் பிடிக்கக் கையில் வலு இல்லாததால் முதல் மூன்று பாகங்களையும் மருமகள்தான் படித்துக் காட்டினாள். வலி மருந்து முழுவதும் போர்முனைக்குப் போய்க்கொண்டிருந்தது. வந்து பார்த்த கம்பவுண்டர், இவர் இன்னும் இருப்பதே பெரிய விஷயம் என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

எது இவரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று மருமகளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தாள். கண் விழித்ததும் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் நாலாம் பாகத்தைக் கேட்கிற மனுஷன், கதை முடியாமல் எங்கே கிளம்பப் போகிறார்? போர்முனையில் இருந்த அவள் கணவனுக்கு விடுப்பு கிடைத்துவிட்டது, வந்துகொண்டிருக்கிறான் என்று செய்தி வந்திருந்தது. தண்டவாளத்தில் குண்டு விழுந்ததால் பாதி வழி நடையாம். அவன் வந்து அப்பாவின் முகத்தைப் பார்க்கும்வரை கதை முடியக் கூடாது. அதனால்தான் பாகம் கைக்கு வந்த அன்றே அதை டின்னுக்குள் போட்டு மூடினாள்.

பகல் ஏறியதும் பக்கத்து வீட்டுத் தையல்காரி வந்தாள். ரொட்டிக் கடைக்காரர் வீட்டில் காத்திருக்கிறார்களாம், கிழிசல் இரண்டு தடவை கேட்டுவிட்டாராம். மருமகள் உதட்டில் விரலை வைத்துத் திரையைக் காட்டினாள். வாயாடி என்று பெயரெடுத்த தையல்காரி அன்று ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வலி வந்தது. இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி வந்தது. சுருட்டிய துண்டைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அவர் கட்டிலின் சட்டத்தைப் பிடித்தார். அவள் காலைப் பிடித்துவிட்டாள், முதுகைத் தடவினாள், வாசலுக்கு ஓடித் தெருவைப் பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை. பாழாய்ப்போன ரயிலைத் திட்டினாள், போரைத் திட்டினாள், இன்னும் வந்து சேராத கணவனையும் சேர்த்துத் திட்டினாள். திரும்பி வந்தபோது துண்டில் ரத்தம் இருந்தது. அடுப்படிக்குப் போய் டின்னைத் திறந்தாள்.

"வந்துடுச்சு மாமா. இப்பதான் கொடுத்துட்டுப் போனா."

அவர் கண்ணைத் திறந்து பாகத்தைப் பார்த்தார். நன்றாகத் தட்டித்தான் எடுத்து வந்திருந்தாள். ஆனாலும் ஓரத்திலிருந்து போர்வையின் மேல் மாவு உதிர்ந்தது.

"கொன்னது கணக்குப்பிள்ளைதானே?" என்றார்.

"யார் மாமா சொன்னா?"

"தையல்காரிதான். போன வாரம் நீ ரேஷன் வரிசையில நின்னப்ப வந்தா. தெரிஞ்சுக்காமலே போயிடுவேனோன்னு காதுல சொல்லிட்டு ஒரே அழுகை. கிழிசல்கிட்ட சொல்லிடாதே, பாவம்."

"அப்புறம் ஏன் தினமும் வந்துச்சான்னு கேட்டீங்க?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ பாகத்தை ஒளிச்சு வெச்சு என்னைப் பிடிச்சு வைக்கப் பார்த்தே. அதான் நானும் கேட்டுட்டே இருந்தேன். அவனைப் பார்த்துட்டுப் போகணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா? முடியலம்மா."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இன்னும் ஒரே ஒரு நாள் மாமா என்று கெஞ்ச வாயெடுத்தாள். துண்டைப் பார்த்தாள், கெஞ்சவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்ச கதைதானே மாமா. படிக்கவா?"

"ரைட். படி. எப்படி மாட்டுறான்னு அவ சொல்லலை."

படித்தாள். துப்பறிபவர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தார். இறந்தவரின் தம்பி குதித்தான், சமையல்காரி அழுதாள். குண்டு அதிர்ச்சியில் கண்ணாடி சிதறாமலிருக்க ஜன்னலில் ஒட்டியிருந்த காகிதப் பட்டைகளின் நிழல் போர்வையில் விழுந்திருந்தது. "வேகமா போறே" என்று ஒரு முறை சொன்னார். வேகத்தைக் குறைத்தாள். கணக்குப்பிள்ளை எழுந்து வியர்வையைத் துடைத்துக்கொள்ளும் இடத்தில் மாமனாரின் கை சட்டத்தை விட்டு நழுவித் தொங்கியது. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு அப்புறம் கேட்கவில்லை.

அவள் அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். நிறுத்தினால் அது நடந்துவிட்டது என்று ஆகிவிடும். விட்ட வரியில் விரலை வைத்து மேலே படித்தாள்.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. திரை விலகியது. தாடியும் சேறுமாக, தோளில் பையோடு அவள் கணவன் நின்றான். அப்பாவின் மூடிய கண்ணையும் அவள் கையிலிருந்த பாகத்தையும் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வீட்டில் யாராவது படித்துக் காட்டும்போது குறுக்கே பேசக் கூடாது. பேசியதற்காக அந்த அறையிலேயே அப்பாவிடம் அடி வாங்கி வளர்ந்தவன் அவன். நிறுத்தாதே என்று கையைக் காட்டினான். பையைச் சத்தமில்லாமல் இறக்கினான். பூட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான்.

யார் கொன்றது என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான்.

அவள் இன்னும் தெரியவில்லை என்று தலையாட்டினாள். மிச்சம் சில தாள்கள்தான் இருந்தன. எச்சில் தொட்டுப் புரட்டி, முன்னைவிட மெதுவாகப் படிக்கத் தொடங்கினாள்.